முடக்கு வாதமும் சுப்பாராவ் மாத்திரையும்

எங்க சிதம்பரம் பக்கம் சம்பா நடவு முடிஞ்சா கை கால் குடைச்சல் இல்லாத வீடு கிடையாது. அந்த வலி நாலு நாள் ஓய்வுல போயிடும். ஆனா காலையில எழுந்ததும் விரல் மடக்க வராம ஒரு மணி நேரம் விறைச்சு நின்னு, ரெண்டு கையும் ஒண்ணு போல வீங்கினா அது வேற. அதுதான் முடக்கு வாதம்; சரவாங்கின்னும் சொல்லுவாங்க. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குற நோய்.

பழைய நோய்தான். சித்த மருத்துவம் வாதத்தை 80 வகையாகப் பிரித்தது. ஆயுர்வேதத்தில் மாதவ நிதானம் என்ற நூல் ஆமவாதம் என்று தனியாகவே சொல்கிறது. வேலியில படர்ற கொடிக்கு, முடக்கை அறுக்கும்னு நம்பி முடக்கத்தான்னு பேரு வெச்சாங்க. ஐரோப்பாவில் 1800இல் பாரிஸ் மருத்துவர் லாந்த்ரே போவே இதை விவரித்து எழுதினார். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற பெயரை 1859இல் வைத்தவர் லண்டன் மருத்துவர் காரட்.

எங்கம்மாவுக்கு இது வந்தப்ப டாக்டர் எழுதினது மெத்தோட்ரெக்சேட். அதோட கதையைத் தேடிப் படிச்சப்பதான், அதுக்குப் பின்னாடி இருக்கிறது நம்ம மெட்ராஸ்ல படிச்ச ஒருத்தர்னு தெரிஞ்சுது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டதால் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழுப் பட்டம் கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்கா. அங்கே லெடர்லே நிறுவனத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது; அதன் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கேதான் உருவானது. 1948இல் அவர் காலமானார். புற்றுநோய்க்கு வந்த மருந்தை, குறைந்த அளவில் முடக்கு வாதத்துக்குத் தர அமெரிக்க அரசு அனுமதித்தது 1988இல்தான். இன்னிக்கு அந்த மாத்திரையோட, பக்கவிளைவு குறைய ஃபோலிக் அமிலமும் தர்றாங்க. ரெண்டுமே சுப்பாராவ் கைபட்டது.

நொச்சித்தழை ஒத்தடம், முடக்கத்தான் தோசை, வெந்நீரில கை நனைக்கிறது எல்லாம் விறைப்புக்கு இதம்தான். அம்மா இன்னும் செய்யுறாங்க. ஆனா மூட்டு அரிக்கிறதை அது நிறுத்தாது. எங்க தெருவுல ஒரு பெரியம்மா, வலி குறைஞ்சதும் மாத்திரையை விட்டாங்க. இப்ப விரல் கோணி, கருக்கருவா பிடிக்க முடியல.

படிக்கிறவங்க ஒண்ணு மறக்காதீங்க. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எங்க வீட்டுல புதன்கிழமைன்னு காலண்டர்ல வட்டம் போட்டிருக்கு. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. சாராயம் கூடவே கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்களும் குழந்தைக்குத் திட்டமிடுறவங்களும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். ஆரம்பத்துலேயே காட்டினா அடுத்த நடவுக்கும் கை வரும்.