முழுப்பேரும் அரைப்பேரும்: தூரத்திலிருந்து படித்தவர்களின் கதை

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் போகிற வழியில்தான் எங்க தோட்டம். லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் ஒரு பாறை இருக்கு. 2020இல் எங்க கெம்பஸ் அந்தப் பாறைதான்.

நாங்க மூணு பேர். மூணு டிவிஷன், ஒரே பெட்ச். ஒருத்தியிடம் பட்டன் போன், இன்னொருத்தியின் போன் உடைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் அண்ணனுடையது. காலை எட்டு மணி லெக்சருக்கு ஏழரைக்கே பாறைக்கு ஏறிவிடுவோம். மழை வந்தா ஒரு குடைக்குள்ள மூணு தலையும் ஒரு போனும். அதிலும் குடை முதல்ல போனுக்குத்தான்.

செமஸ்டர் கடைசியில் வரவுப் பட்டியல் வந்தது. எங்களில் ஒருத்திக்கு மட்டும் வரவு இருந்தது. மற்ற ரெண்டு பேரும் 80 சதவீதத்துக்குக் கீழே, சோதனை எழுத முடியாது என்று போட்டிருந்தார்கள். ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மழையில் நனைஞ்சது மூணு பேர், பேர் விழுந்தது ஒருத்திக்கு.

‘பேர் விழுறது’ என்றால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். காலையில் பிரட்டுக்களத்தில் கூடினால்தான் வேலை. அன்றைக்கு வேலை செய்ததாகச் செக்ரோலில் பதிவதுதான் பேர். கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றாலும், பதிவில் பாதி ஆள்தான். எங்க அம்மாமாரும் அம்மாயிமாரும் நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கணக்குக்குள்ளேதான் வாழ்ந்தார்கள். அதனால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எங்களுக்குக் கோபத்தைவிட, ‘இது பழகின விஷயமாச்சே’ என்றுதான் முதலில் தோன்றியது.

அன்றைக்கு வந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஆசிரியர் ஒரு இடத்திலும் மாணவர் வேறொரு இடத்திலும் இருக்கும்போது, ஒருத்தர் வகுப்பில் ‘இருக்கிறார்’ என்பதை எப்படித் தெரிஞ்சுகொள்வது?

இந்தக் கேள்வி சூமோடு பிறந்தது இல்லை. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி முத்திரை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற தபால்முறை வந்தது. அதே காலத்தில் ஐசக் பிட்மன் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர் தன் பாடத்தைத் தபாலிலேயே நடத்தத் தொடங்கினார். மாணவர்கள் பயிற்சியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அங்கே வரவு கூப்பிட ஆளில்லை. கடிதம் வந்தால் மாணவர் இருக்கிறார், திருத்தம் திரும்பி வந்தால் ஆசிரியர் இருக்கிறார். அவ்வளவுதான்.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம் வேறொரு கதவைத் திறந்தது. வகுப்புக்கு வராமலே, எங்கிருந்து படித்தாலும், சோதனையில் சித்தியடைந்தால் பட்டம். இலங்கையின் உயர்கல்விக் கதையும் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் கொடுக்கவில்லை. அங்கே படித்தவர்கள் லண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் தோற்றினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை இதுதான் நிலை.

லண்டன் முறையின் நல்லது, யாரையும் வாசலில் நிறுத்தி ‘நீ எந்த ஊர்’ என்று கேட்காதது. கெட்டது, படிக்கும்போது உனக்குப் புரிந்ததா என்றும் யாரும் கேட்காதது. வெளிவாரியாகப் பதிந்து, பக்கத்தில் கற்பிக்க ஒரு கல்லூரியும் இல்லாதவர்கள் தனியாகத்தான் படித்தார்கள். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து லண்டன் சட்டப் பட்டத்துக்குப் படித்தது இந்த வெளிவாரி முறையில்தான். ஆனால் ரொபன் தீவில் அவர்கள் தனித்தனியாகப் படித்து முடிக்கவில்லை. சுண்ணாம்புக் குழியில் கல் உடைக்கும்போது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘பல்கலைக்கழகம்’ என்றே அந்தத் தீவுக்குப் பேர் வந்தது. தூரத்தில் இருக்கிற ஆசிரியரை நெருங்க, பக்கத்தில் இருக்கிற நண்பர் வேணும்.

இந்தக் காலமெல்லாம் எங்க தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பத்து வயதுக்கு மேலே என்ன என்று சட்டம் யோசிக்கவில்லை. 1945இல் சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதன் பிறகும் தோட்டப் பாடசாலைகள் பல பத்தாண்டுகள் ஒதுங்கியே கிடந்தன. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். கொழும்பில் லண்டன் பட்டம் எடுத்த காலத்தில், லயத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் டாப்பில் பேர் இருக்கும். பிள்ளை படித்ததா என்பது வேறு கதை.

1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அது பெரிய வாசல். அங்கே பழக்கம் வேறு. அச்சடித்த பாடப் புத்தகத்தை முதலில் வாசித்து, ஒப்படை எழுதிக் கொடுத்துவிட்டு, ‘டே ஸ்கூல்’ என்கிற நேரடி வகுப்புக்கு விளங்காததைக் கேட்கப் போவார்கள். அதாவது வகுப்பு பாடத்தின் தொடக்கம் இல்லை, நடு. 2020இல் எங்களுக்கு இதை யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

ஏன்னா அந்த மார்ச்சில் நாங்க செய்ததெல்லாம் நேர்மாறு. ஊரடங்குச் சட்டம் வந்தது, கெம்பஸ் மூடியது, எல்லாரும் பேக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம். லேர்ன் என்கிற கல்வி வலையமைப்பு மூலம் அரச பல்கலைக்கழகங்களுக்கு சூம் வசதி கிடைத்தது. தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் அதற்கு டேட்டாக் கட்டணம் எடுக்கவில்லை. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனா டேட்டா சும்மா கிடைச்சாலும் சிக்னல் சும்மா கிடைக்காதே. எங்க மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகள் மரத்துக்கு மேலே கட்டிய பரணில் இருந்து படிக்கிற செய்தி 2021இல் உலகம் முழுக்கப் போனது. எங்களுக்கு அதில் புதுசா ஒன்றும் இல்லை.

எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும். ஜொயின் பண்ணிவிட்டுத் தூங்கியிருக்கிறோம். அண்ணன் போன் என்பதால் திரையில் பேருக்குப் பதில் போனின் மொடல் பேரே வரும், அதை மாற்றவும் இல்லை. லெக்சரர் பாவம், ‘ரெட்மி, நீங்க சொல்லுங்க’ என்று கேட்டார். சிரித்தோமே தவிர பதில் சொல்லவில்லை. எழுபது கறுப்புச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் பேசுகிற மனுஷருக்கு எப்படி இருக்கும் என்று அப்போ யோசிக்கவே இல்லை.

அதைவிட மோசமான ஒன்று. ஒரு வகுப்பில் எல்லாரும் கெமரா போடணும் என்றார்கள். ஒரு பிள்ளை போட்டது. பின்னால் லயத்துக் காம்பறா, அடுப்படியில் அம்மா. யாரோ அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து பெட்ச் குரூப்பில் போட்டு, சிரிப்பு இமோஜி வேறு. அந்தப் பிள்ளை பிறகு வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்களும் குரூப்பில் ‘இதை அழி’ என்று எழுதவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. கெமரா போடுவது மரியாதை என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தருடைய வீட்டைப் பார்க்கக் கிடைத்தால் பார்த்ததை வெளியே கொண்டுபோகாமல் இருப்பதும் மரியாதைதானே?

வரவுப் பட்டியல் வந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. முதலில் குரூப்பில் திட்டி எழுதத்தான் கை போனது. பிறகு உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். வாழ்க்கையில் முதல் மின்னஞ்சல், மூணு தரம் அழித்து எழுதினது. மூணு பேரின் முழுப்பெயர், பதிவெண், பாடம், எந்தத் திகதிகளில் ஒரு போனில் சேர்ந்து இருந்தோம் என்ற பட்டியல், ஒவ்வொரு நாளும் நாங்க எழுதின குறிப்பின் படம், கடைசியில் என்ன கேட்கிறோம் என்று ஒரே வரி. புலம்பல் ஒன்றும் வைக்கவில்லை. லெக்சரர் ரெண்டு நாளில் பதில் போட்டார். ரெண்டு பேரும் சோதனை எழுதினோம். அதற்குப் பிறகு அவர் வகுப்பைப் பதிவுசெய்து போட்டார். வரவுக்குப் பதிலாக வகுப்பு முடிவில் ஒரு கேள்வி கேட்டு, மூணு வரிப் பதிலை அன்றிரவுக்குள் அனுப்பச் சொன்னார். பிட்மனின் தபால் திரும்பி வந்த மாதிரி.

நாங்களும் மாறினோம். முதல் நாளே குறிப்பை இறக்கி வாசித்துவிட்டுப் பாறைக்குப் போவோம். ஒருத்தி கேட்பாள், ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி கேள்வியை செட்டில் போடுவாள். அடுத்த நாள் முறை மாறும். உள்ளே போனதும் மூணு பேரின் பேரையும் பதிவெண்ணோடு போடுவோம். சிக்னல் போனால், திரும்பி வந்ததும் ‘இந்த இடத்திலிருந்து விட்டுப்போச்சு சேர்’ என்று எழுதுவோம். சிங்களப் பிள்ளைகள் கேட்டால் குறிப்பைப் பகிர்வோம், அவங்களும் எங்களுக்கு அனுப்புவாங்க. 2022இல் பெற்றோல் இல்லாமல், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டி, மறுபடியும் ஒன்லைன் வந்தபோது இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

இப்போ நாங்க கடைசி வருஷம். போன வருஷம் வந்த ஜூனியர் பிள்ளைகளுக்கும் சில பாடம் இன்னும் சூமில்தான். அதில் ஒரு தங்கச்சி போன கிழமை, “அக்கா, உள்ள போய் பிரசன்ட் என்று போட்டாப் போதும்தானே?” என்று கேட்டாள்.

போதாது தங்கச்சி. அது அரைப்பேர்தான். நீ கேட்ட ஒரு கேள்விக்கு அங்கேயிருந்து ஒரு பதில் வந்து, அவங்க கேட்டதுக்கு நீ ஒரு பதில் கொடுத்தால்தான் முழுப்பேர். சிக்னல் இல்லாட்டி எங்க பாறைக்கு வா. குடை கொண்டு வா.