ஊசியும் நூலும் உடலும்

நண்பர் ஒருவர் அண்மையில் கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை மூலம் அகற்றிக்கொண்டார். மறுநாள் நம்மிடம் அவர் கேட்டது வலியைப் பற்றியன்று. “ஈறை முழுவதும் மூடித் தைக்காமல் சிறு திறப்பு விட்டிருக்கிறார்களே, கவனக்குறைவோ?” என்பதே அவரது அச்சம். அதற்கு மறுமொழி தேடப் புகுந்த நாம், புண் தைத்த வரலாற்றுக்குள் சென்றோம்.

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், போர்ப்புண்ணைத் தைத்த ஊசியை, மீன் நாடிக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். குருதிக்குள் மறைந்து மீண்டும் வெளிப்படும் ஊசியைக் கண்ணால் கண்டவர்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது.

ஊசி வெளியே வந்துவிடும். உள்ளே தங்கும் நூலை என் செய்வது? மருத்துவரை நெடுங்காலம் வருத்திய வினா இது. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கரிய எறும்புகளால் கவ்வச் செய்து, அவற்றின் தலையை மட்டும் விட்டுவைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. ஐரோப்பியர் குருதிக்குழாயைக் கட்டிய நூலின் முனையை வெளியே தொங்கவிட்டு, சீழ் பிடித்து அது கழன்று வரும்வரை காத்திருந்தனர். 1865இல் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கத் தொடங்கிய ஜோசப் லிஸ்டர், 1869இல், அவ்வமிலத்தில் பதப்படுத்திய விலங்குக் குடல்நூலை உள்ளேயே விட்டு மூடலாம் எனக் காட்டினார். 1970களில் உடலின் ஈரத்தால் சிதைந்து தாமே கரையும் செயற்கை இழைகள் பரவின. வாயில் பட்டுநூல் இட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிக்க வேண்டும். கரையும் நூலுக்கு அத்தேவையில்லை.

இனி நண்பரின் வினா. பல்லிருந்த குழியில் உறையும் குருதிக்கட்டியே இயற்கை இடும் முதல் மூடி. தையல் ஈறை அதனிடத்தில் நிறுத்துகிறது, அவ்வளவே. இறுக மூடினால் உள்ளே கசியும் நீர் தேங்கி வீங்கக்கூடும் என்பதால் மருத்துவர் சிலர் வேண்டுமென்றே சிறு திறப்பு விடுகின்றனர். இதனால் முதல் நாள்களில் வலியும் வீக்கமும் குறைந்ததை ஆய்வுகள் பல கண்டன. காக்க வேண்டியது அக்கட்டியைத்தான். அது பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டுக் கடும்வலி தோன்றும். ஆகவே முதல் நாள் கொப்பளித்தல் ஆகாது. புகைத்தலோ பல நாள்களுக்கு ஆகாது. ஈறு சில வாரங்களில் கூடும். எலும்பு நிரம்பச் சில திங்கள்கள் ஆகும். சில நாள்களுக்குப் பின்னும் வலியோ வீக்கமோ மிகுந்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எறும்புத்தலை முதல் கரையும் இழை வரை மருத்துவம் கற்ற பாடம் ஒன்றே: உடல் தன்னை ஆற்றிக்கொள்ளும் வரை துணைநின்று, பின் விலகிக்கொள்ளுதல். இதை நண்பரிடம் சொன்னோம். பத்தாம் நாள் அவர் கேட்ட வினா வேறு: “முறுக்குத் தின்னலாமா?”