புற்றுக்குள் ஒரு தோட்டம்

ராத்திரி இடி இடித்தால் விடியலில் புற்றோரம் போய்ப் பார் என்பது ஊர்ப்பேச்சு. மணமேல்குடிக் கடற்கரையை விட்டு மேற்கே அறந்தாங்கிப் பக்கம் மண் சிவக்கச் சிவக்கக் கறையான் புற்றுகளும் கண்ணில் படும். மழைக்காலத்தில் அவற்றின் அடியில் வெள்ளைக் குடை விரிகிறது புற்றுக்காளான். பிடுங்கினால் வேர் மாதிரி ஒரு நீண்ட வால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அந்த வால் எங்கே போய் முடிகிறது?

புற்றைத் தோண்டிப் பார்த்து எழுதி வைத்தவர் ஒரு வெளிநாட்டு மருத்துவர். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ச் சீமையின் புற்றுகளை உடைத்து ஆராய்ந்து, கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சானது. கறையான் புற்றுக்குள் பூஞ்சை வளர்வதை உலகுக்கு முதலில் சொன்ன எழுத்து அதுதான் என்பார்கள். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை மணமேல்குடியும் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர்தான்.

கோனிக்கின் கண் காளானோடு நிற்கவில்லை. ஈசல் பிடிக்கும் விதத்தையும் விவரமாகக் குறித்தார்: புற்றில் இரண்டு துளை போடுவார்கள்; காற்று வரும் பக்கம் தீ மூட்டி, எதிர்ப்பக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானையை வைப்பார்கள். புகைக்குத் தப்பி ஓடும் ஈசல் பானையில் விழும். அதை மாவோடு சேர்த்துச் செய்த பண்டம் ஏழைகளுக்கு மலிவாகக் கிடைத்ததாம். அளவு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பு ஆளையே கொண்டுபோகும் என்றும் எழுதியிருக்கிறார்.

புற்றும் காளானும் வறுமையும் சேர்ந்து வருவது தமிழில் பழைய சேதி. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களைச் சுவரைச் சிதல், அதாவது கறையான், அரித்திருக்கும். உதிர்ந்த புழுதியில் காளான் பூத்திருக்கும். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் போய் நின்றபோதும், சமையலையே மறந்த அவர் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருந்தது. ஆம்பி என்றால் காளான். உலை ஏறாத வீட்டின் அடையாளமாக இருந்த பொருள்தான் இன்றைக்கு மாத்திரைப் புட்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

புற்றை உடைத்தால் உள்ளே கடற்பஞ்சு போல, மடிப்பு மடிப்பாக, பழுப்பு நிறத்தில் ஓர் அடை இருக்கும். கறையான் தின்று கழித்த மரத்தூளால் கட்டியது. அதன்மேல் ரவை சிந்தியதுபோல் வெள்ளைப் பொட்டுகள். அவைதான் கறையானின் சாப்பாடு. வெளியே தெரியும் குடை, இந்தத் தோட்டத்தின் பூ. வாலும் இங்கேதான் வந்து முடிகிறது. 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பேரிட்டார். 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தாம் விவரித்த புது வகைக்கு ஹைமின் பெயரையே வைத்தார்: டெர்மிட்டோமைசஸ் ஹைமி.

இந்த அடையில் வேறு பூசணம் தலைகாட்டாது. கறையான் வெளியேறிவிட்டால் சில நாளிலேயே சைலேரியா வகைப் பூஞ்சை கறுப்புக் குச்சிகளாக முளைத்து அடையை மூடிவிடும். அதுவரை காத்தது எது? கறையானின் ஓயாத களையெடுப்பு ஒரு பங்கு. அதோடு வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் ரசாயனங்கள் இன்னொரு பங்கு.

காளான்கள் பொதுவாகவே இப்படி ஆயுதம் வைத்திருப்பவை. பூஞ்சையிலிருந்து பெனிசிலின் கிடைத்த பிறகு காளான்களையும் பிழிந்து பார்த்தார்கள். 1951இல் நியூயார்க்கில் ஒரு காளானிலிருந்து ப்ளூரோமுட்டிலின் என்ற கிருமிக்கொல்லி பிரிந்து வந்தது. அதன் வழிவந்த களிம்பு மனிதருக்கு வர 2007 ஆயிற்று. நிமோனியாவுக்கான லெஃபாமுலின் வர 2019. பைன் கூம்பில் முளைக்கும் ஒரு சின்னக் காளானில் 1977இல் கண்டறிந்த ஸ்ட்ரோபிலூரினை மாதிரியாக வைத்துத்தான், இன்று வயலில் அடிக்கும் அசாக்சிஸ்ட்ரோபின் பூஞ்சைக்கொல்லி உருவானது.

ஆன்டி ஆக்ஸிடன்ட் கதையும் உண்டு. எர்கோதயோனின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் பொருளை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. உணவில் அதை அதிகம் தருவது காளான். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தார் சிப்பிக்காளான் சாற்றின் ஆன்டி ஆக்ஸிடன்ட் குணத்தை 2000இல் வெளியிட்டார்கள். ஆனால் ஆய்வகத்தில் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாவதும், தட்டில் கிருமி ஒதுங்கி வட்டம் விழுவதும் முதல் படிதான். ப்ளூரோமுட்டிலினுக்கே களிம்பாக வர ஐம்பத்தாறு வருஷம் பிடித்தது. சாறு குடித்தால் எல்லாம் தீரும் என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

வைக்கோல் காளானை 1943இலேயே கோயம்புத்தூரில் வளர்த்துவிட்டார்கள். 1998இல் வேளாண் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தையும் கொடுத்தது. புற்றுக்காளானைக் கொட்டகையில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்பும் வித்தை மட்டும் இன்னும் கறையானிடமே இருக்கிறது. வேண்டுமென்றால், அடையாளம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு மழை விட்ட காலையில் போய்ப் பிடுங்கிக்கொள்ளுங்கள். புற்றை மட்டும் இடிக்காதீர்கள்.