தேக்கில் மிதக்கும் திருகோணமலை: ஒரு பாய்மரப் போர்க்கப்பலின் பணி வரலாறு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்குள்ள பழைய கப்பல்துறையின் நீரில் மூன்று பாய்மரங்களைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது. நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மூத்தது. நெல்சனின் ‘விக்டரி’ அதைவிடப் பழையதாயினும் அது உலர்துறையில் நிறுத்தப்பட்டுள்ளது. ஹார்ட்டில்பூல் கப்பலின் பெயரை ஆங்கிலேயர் ‘திரிங்கோமலி’ என்று ஒலிப்பர். நாம் அப்பெயரைத் திருகோணமலை என்று அறிவோம்.

போர்க்கப்பலின் பெருமையை அது வென்ற போர்களைக் கொண்டு அளப்பதே வழக்கம். அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் இக்கப்பலைப் பற்றிச் சொல்வதற்கு மிகுதியாக ஒன்றும் இராது. பெருங்கடற்போர் எதிலும் அது கலந்துகொண்டதில்லை. எனினும், அதே காலத்தில் கடலோடிய கலங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்த பின்னும் அது எஞ்சி நிற்கிறது. அது எவ்வாறு எஞ்சியது என்று வினவினால், விடை தேடி நாம் பம்பாயின் கப்பல் தச்சர்களிடமும் மலபார்க் காடுகளிடமும் செல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கப்பலின் வகையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாய்மரக் காலத்து ‘ஃபிரிகேட்’ என்பது, அணிவகுத்து நின்று பொருதும் பெரும்போர்க்கலங்களைவிடச் சிறியது, விரைவு மிக்கது. பகைவரின் நடமாட்டத்தை உளவறிதல், வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லுதல், தொலைக்கடல்களில் தனித்து உலவுதல் ஆகியவை அதன் பணிகள். திரிங்கோமலி 38 பீரங்கித் தரத்தைச் சேர்ந்தது. பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி, அகலம் ஏறத்தாழ 40 அடி. ‘லீடா’ எனப்படும் அதன் வகைக்கு மூலமாக அமைந்த வடிவம் பிரெஞ்சுக்காரருடையது. ‘ஹெபே’ என்னும் பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் 1782 செப்டம்பர் 4ஆம் நாள் கைப்பற்றி, அதன் வடிவைத் தமதாக்கிக்கொண்டனர். அதற்கு முந்தைய நாளில்தான், உலகின் மறுபுறத்தில், திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் மோதினர்.

இங்கிலாந்தின் கப்பலைப் பம்பாயில் கட்ட வேண்டிய தேவை ஏன் வந்தது? நெப்போலியனுடன் நிகழ்ந்த நீண்ட போரில் அந்நாட்டின் ஓக் மரவளம் குன்றியது. பம்பாயிலோ வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் 1736 முதல் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்தனர். மலபார்த் தேக்கு அவர்களுக்குக் கிடைத்தது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை அவற்றைக் காக்கும். அம்மரத்தின் ஆங்கிலப் பெயரும் நம் மொழிக் குடும்பம் ஈந்ததே. தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் ‘தேக்கு’ என்ற சொல், போர்ச்சுக்கீசியரின் நாவில் ‘தேக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று.

இம்முயற்சி பம்பாயோடு நிற்கவில்லை. நம் பினாங்குத் தீவிலும் 1809இல் ‘மலாக்கா’ என்னும் 36 பீரங்கி ஃபிரிகேட் கட்டி முடிக்கப்பட்டது. கிழக்கில் கட்டப்பட்ட கலங்கள் பெருகவே, தேம்ஸ் ஆற்றங்கரையின் கப்பல் கட்டுவோர் கலங்கினர். இந்தியாவில் கட்டப்படும் கப்பல்கள் தம் தொழிலைக் கெடுக்கும் என்று அவர்கள் நாடாளுமன்றத்திடம் முறையிட்டனர். 1814இல் அதுபற்றித் தெரிவுக்குழு ஒன்று சாட்சியங்களைக் கேட்டது. தரம் குறைந்த பொருளைக் கண்டு எவரும் அவ்வளவு அஞ்சுவதில்லை.

திரிங்கோமலியின் தொடக்கமே தடையுடன் அமைந்தது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ‘ஜாவா’ என்னும் கப்பலை, 1812 டிசம்பர் 29ஆம் நாள், பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ வீழ்த்தியது. மாற்று வரைபடங்கள் வந்துசேர்ந்து பணி தொடங்கும்போது ஆண்டு 1816. தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, பார்சி மரபின்படி, ஏரா எனப்படும் அடிமரத்தில் பெயர் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. கட்டுமானச் செலவு 23,642 பவுன்.

ஆனால் அது எந்தப் போருக்காகத் திட்டமிடப்பட்டதோ, அந்தப் போர் 1815இலேயே முடிந்துவிட்டது. கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. 1819 சனவரி 24ஆம் நாள், நெப்போலியன் சிறையிருந்த செயின்ட் ஹெலினா தீவை அடைந்தது. ஆறு நாள் தங்கி, அவருக்கு மருத்துவம் பார்த்த ஜான் ஸ்டோக்கோவை ஏற்றிக்கொண்டு சென்றது. அது அட்லாண்டிக்கில் வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாள்களில்தான், பிப்ரவரி 6ஆம் நாள், சிங்கப்பூரில் ராஃபிள்ஸின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 30இல் கப்பல் போர்ட்ஸ்மத் துறையைச் சேர்ந்தது. அங்கே அதற்குப் பணி ஏதுமில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது சேமக்கலமாகக் காத்துக் கிடந்தது.

1845இல் அதைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது பீரங்கிகளின் எண்ணிக்கை 26ஆகக் குறைக்கப்பட்டது. நீரில் இறங்கி முப்பது ஆண்டுகள் ஆன பின், 1847இல், கப்பல் தலைவர் ரிச்சர்ட் லேர்ட் வாரனின் கீழ் அது தன் முதற்பணிக்குப் புறப்பட்டது. 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதிகளில் உலவியது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சுற்றுக்காவலும் அதன் கடமைகளுள் ஒன்று. 1852இல் வாலஸ் ஹவுஸ்டன் தலைமையில் பசிபிக் பெருங்கடல் படைப்பிரிவில் சேர்ந்தது. 1857இல் நாடு திரும்பியது.

இப்பணிகள் யாவும் போற்றத்தக்கவை என்று நாம் கூறுவதற்கில்லை. 1856இல் வான்கூவர் தீவின் ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ், கவிச்சான் பழங்குடியினரின் நிலத்துக்கு இக்கப்பலுடன் சென்றார். நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் கடற்படை வீரரும் கரையிறங்கினர். வெள்ளையர் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பழங்குடி இளைஞர் பிடிக்கப்பட்டார். அங்கேயே விசாரித்து, அவருடைய மக்களின் கண்ணெதிரே தூக்கிலிட்டனர். ஒரு கடலில் அடிமைத்தளையை அறுக்க உதவிய அதே கப்பல், மற்றொரு கடலில் குடியேற்றத்தின் வன்கரமாக நின்றது. இவ்விரண்டையும் சேர்த்தே அதன் வரலாற்றை எழுத வேண்டும்.

அப்பயணங்களின் தடம் நிலப்படத்திலும் உள்ளது. கனடாவின் மேற்குக் கரையில், கலியானோ தீவுக்கும் சால்ட் ஸ்பிரிங் தீவுக்கும் இடைப்பட்ட நீர்வழிக்குத் ‘திரிங்கோமலி கால்வாய்’ என்று பெயர். பழங்குடியினருக்குரிய கடலில் ஈழத்துத் தமிழ் ஊரின் பெயர், ஆங்கிலேயர் ஒலித்தவாறு, இக்கப்பலின் வழியாகப் பதிந்துள்ளது. அவ்விரு நிலத்து மக்களும் அதற்கு இசைவு தந்தவரல்லர்.

நீராவியும் இரும்பும் பாய்மரத்தை வென்ற பின், இக்கப்பல் சேமப்படையினருக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டது. அவ்வாண்டே, இளைஞர்களின் பயிற்சிக்கு ‘ஃபூட்ராயன்ட்’ என்னும் கப்பலை வைத்திருந்த வீட்லி காப் என்பவர், அதைப் புயலில் இழந்தார். அதற்கு ஈடாக அவர் திரிங்கோமலியை வாங்கி, இழந்த கப்பலின் பெயரையே இதற்குச் சூட்டினார். கலம் பிழைத்தது, பெயர் மறைந்தது. 1986 வரை எண்ணற்ற இளைஞர்கள் அதன் தளங்களில் கடற்கலை பயின்றனர். அருகே நின்ற துணைக்கப்பலான ‘இம்பிளேக்கபிள்’, டிரஃபால்கர் போரைக் கண்டதாயினும், பேணுவதற்குப் பொருளின்றி 1949இல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்த இக்கப்பல், பல்லாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2001இல் பழைய பொலிவு பெற்றது. திரிங்கோமலி என்னும் பெயர் 1992இலேயே அதற்குத் திரும்பியிருந்தது.

இக்கலம் நிலைத்ததற்குக் காரணம் ஒன்று மட்டுமன்று. போரில் சிதையாமை, நெடுநாள் ஓய்வு, ஒருவரின் ஆர்வம், நற்பேறு ஆகிய அனைத்துக்கும் பங்குண்டு. ஆயினும் மரம் உளுத்திருந்தால் இவற்றுள் எதுவும் பயன்பட்டிராது. சீரமைப்போர் கப்பலைத் திறந்து பார்த்தபோது, இரு நூற்றாண்டை நெருங்கிய தேக்குச் சட்டங்களுள் பெரும்பகுதி உறுதியாகவே இருந்தது.

ஜம்ஷெட்ஜி வாடியாவின் பெயரை வரலாறு காத்துள்ளது. வாரன், ஹவுஸ்டன் ஆகிய தலைவர்களின் பெயர்களும் ஏடுகளில் உள்ளன. காட்டில் அத்தேக்கை வெட்டியவர், அறுத்தவர், இழைத்தவர், பலகையோடு பலகை பொருத்தியவர் ஆகியோரின் பெயர்களை நாம் எங்கும் காண்பதில்லை. பணி வரலாறு என்றதும் தலைவர்களையும் ஆணைகளையும் தேடும் நாம், அக்கைகளின் பணியையும் அதில் சேர்த்தெண்ணப் பழக வேண்டும். ஹார்ட்டில்பூல் நீரில் இன்றும் அக்கப்பலைத் தாங்கி நிற்பது அவர்களுடைய வேலைப்பாடே.