கருப்பட்டி ரயிலும் ஒரு சவ்வும்

குலசைன்னா இப்ப தசராவும் ராக்கெட் தளமும்தான் பேச்சு. நான் சொல்லப்போறது கருப்பட்டி கதை.

பாரி கம்பெனி நிர்வாகத்தில் இருந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் நிறுவனம் குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை நடத்தியது. கரும்பு இல்லைங்க, பனங்கருப்பட்டியைக் கரைச்சு வெள்ளைச் சீனி! திருச்செந்தூர், குலசை, திசையன்விளைன்னு இரண்டடி அகலத் தண்டவாளத்தில் தனி ரயிலே ஓடுச்சு. 1940-இல் அது நின்னுபோச்சு.

பதநீர்ல நூத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் சர்க்கரை. மிச்சத் தண்ணியை விரட்ட வீட்டுப் பெண்கள் புகைக்குள்ள நின்னு காய்ச்சணும். ஆலை அந்தக் கட்டியை மறுபடி கரைச்சு, மறுபடி காய்ச்சும். ஒரே சர்க்கரைக்கு ரெண்டு தடவை நெருப்பு. கொதிக்கிற தண்ணி ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோ கலோரி வேணும். எத்தனை உடைமரம் போயிருக்கும்?

கனடாவில் மேப்பிள் மரத்து நீருக்கும் இதே பாடுதான். 1970-களில் இருந்து அங்கே காய்ச்சறதுக்கு முன்னாடி சவ்வு வழியா அழுத்தித் தண்ணியைப் பிரிக்கிறாங்க. 2 சதவீதச் சர்க்கரையை 8 ஆக்கினா, முக்கால்வாசித் தண்ணி அடுப்புக்கே வராது. பதநீரை 12-இல் இருந்து 24-க்குக் கொண்டுவந்தா பாதி விறகு மிச்சம்.

அந்தச் சவ்வு எப்படி வந்தது? 1960 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சவுரிராஜன் (பேரைக் கேட்டாலே திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருதுல்ல?) ரெண்டு பேரும் செல்லுலோஸ் அசிடேட்டை அசிட்டோனில் கரைச்சு, மெலிசாப் பரப்பி, தண்ணியில் முக்கி எடுத்தாங்க. அசிட்டோன் தீப்பிடிக்கும், ஆனா பெரிய விஷம் இல்லை. பின்னாடி வந்த பாலிசல்போன் சவ்வுகளுக்கு அது சரிப்படலை. டிஎம்எஃப், என்எம்பி தேவைப்பட்டது. ரெண்டுமே வயித்துப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியவை. சவ்வை முக்கிற தண்ணியிலும் கலந்து வெளியே போகும். ஐரோப்பாவில் என்எம்பிக்கு 2020-லும் டிஎம்எஃப்புக்கு 2023-லும் கட்டுப்பாடு வந்தது.

இங்கே அடுப்புப் புகையைக் குறைக்கறதுக்காக வேற எங்கேயோ ஒரு தொழிலாளியை விஷத்தைச் சுவாசிக்க வைக்கறது என்ன நியாயம்? அதனால மரக்கூழ் செல்லுலோஸில் இருந்து எடுக்கிற சிரீன், தாவரச் சர்க்கரையில் இருந்து செய்யக்கூடிய காமா வேலரோலாக்டோன் மாதிரி கரைப்பான்களில் சவ்வு வார்த்துப் பார்க்கிறாங்க. விலைதான் இடிக்குது.

பதநீருக்குன்னு தனியா ஒரு சிக்கலும் இருக்கு. புளிக்காம இருக்கக் கலயத்தில் தடவுற சுண்ணாம்பு, சவ்வை அடைச்சிடும். முதல்ல அதைத் தெளிய வச்சு வடிகட்டணும்.