கடல்நாய் வாதி, ஜெர்மனி பிரதிவாதி

1988-ம் வருடம், மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிர்வாக நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிரதிவாதி, ஜெர்மன் அரசாங்கம். அதில் ஆச்சரியமில்லை. எந்த ஊரிலும் அரசாங்கத்தின் மேல் கேஸ் போட நாலு பேர் இருப்பார்கள். வாதி யார் என்று பார்த்தால்தான் தூக்கிவாரிப் போடும்.

வடகடலில் வசிக்கும் கடல்நாய்கள்!

விளையாட்டில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் சில ஒன்று சேர்ந்து, கடல்நாய்களின் பெயரிலேயே மனு போட்டிருந்தன. ரசாயனக் கழிவுகளைக் கடலில் கொட்டவும், கப்பலில் ஏற்றிப்போய் நடுக்கடலில் எரிக்கவும் அரசு அனுமதி கொடுத்திருக்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. அவசரம் ஏன் என்றால், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வாதிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கதை ஆரம்பித்தது அதே வருடம் ஏப்ரலில். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே காட்டெகாட் என்று ஒரு கடல். அதில் அன்ஹோல்ட் என்று ஒரு குட்டித் தீவு. ஹார்பர் சீல் எனப்படும் வகைக் கடல்நாய்கள் அங்கே கூட்டமாகக் கரையேறிப் படுக்கும். ஜூன், ஜூலையில்தான் குட்டி போடவேண்டும். ஆனால் ஏப்ரலிலேயே குறைப் பிரசவம். கரையெல்லாம் செத்த குட்டிகள். சரி, ஏதோ கோளாறு என்று பார்த்தால், அடுத்து பெரியவை விழ ஆரம்பித்தன.

காய்ச்சல், இருமல், மூக்கிலும் கண்ணிலும் சீழ். சிலவற்றுக்குக் கழுத்துத் தோலுக்கு அடியில் காற்று புகுந்து உப்பிக்கொண்டது. அப்படி ஆனால் கடல்நாயால் தண்ணீருக்குள் முங்க முடியாது. முங்க முடியாவிட்டால் மீன் கிடையாது. மீன் கிடையாது என்றால் அவ்வளவுதான்.

டென்மார்க்கில் தொடங்கியது ஜெர்மனிக்கு இறங்கியது. அங்கிருந்து ஹாலந்து. பிறகு கடலைத் தாண்டி இங்கிலாந்தின் கிழக்குக் கரை. அந்த வருடம் முடிவதற்குள் குறைந்தது 18,000 கடல்நாய்கள் காலி. பிற்பாடு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் 23,000-க்கு மேல் என்றார்கள். பல இடங்களில் இருந்ததில் பாதிக்கு மேல் போயே போச்சு.

கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்த குடும்பங்களின் கண்ணெதிரே பிணங்கள் ஒதுங்கினால் என்ன ஆகும்? ஐரோப்பா கொதித்தது. கொலைகாரன் யார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகமில்லை. தொழிற்சாலைகள்தான், வேறு யார்? அதே கோடையில் அந்தப் பக்கத்துக் கடலில் விஷப்பாசி ஒன்று தாறுமாறாகப் பெருகி, வளர்ப்பு மீன்களைக் கொன்றிருந்தது. சந்தேகம் ஊர்ஜிதம். கடலையே நஞ்சாக்கிவிட்டார்கள், அதான் செத்துப்போகின்றன. தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போனது கையெழுத்து வாங்கத்தான்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. செத்த கடல்நாயை அறுத்துப் பார்த்தால் ஒரு வியாதியா இருந்தது? நுரையீரலில் புழு, நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா, ஹெர்பிஸ் வைரஸ் என்று ஒரு பட்டாளமே குடியிருந்தது. எது முதலில் வந்தது, எது சந்தடி சாக்கில் உள்ளே புகுந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்த நுரையீரல் புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. இதுவொன்றும் புது எதிரி இல்லை. பால்குடி மறந்து, சொந்தமாக மீன் பிடிக்கத் தொடங்கும் குட்டிக்கு அந்த மீனோடு சேர்ந்து வரும் சீதனம் அது. மூச்சுக்குழாயில் நூல் நூலாகத் தொங்கும். தெம்பான குட்டி சமாளித்துவிடும். முடியாதது இருமிக்கொண்டே கரையில் வந்து கிடக்கும். ஹாலந்தில் பீட்டர்பியூரன் என்ற ஊரில் கடல்நாய்களுக்கென்றே நடந்துவந்த ஆஸ்பத்திரிக்கு, சாதாரண வருடங்களிலும் இந்தக் கேஸ்கள் வந்தபடிதான் இருந்தன.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் ஆல்பர்ட் ஓஸ்டர்ஹாஸ் என்ற டச்சு வைரஸ் நிபுணர் முடிச்சை அவிழ்த்தார். நோய் கண்ட கடல்நாய்களின் ரத்தத்தில் ஒரு எதிர்ப்புப் பொருள் ஊறியிருந்தது. நாய்களுக்கு வருமே டிஸ்டெம்பர், அந்த வைரஸை அது மடக்கியது. அப்படியானால் வந்திருப்பது அதுவோ, அதற்கு அண்ணன் தம்பியோ! 1988 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் செய்தி வெளியானது. மேலும் துருவியபோது, தம்பிதான் என்று தெரிந்தது. இதுவரை பெயர் வைக்கப்படாத புது வைரஸ். நம் குழந்தைகளுக்கு வரும் மணல்வாரி அம்மை, ஒரு காலத்தில் நம்மூர் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் எல்லாம் ஒரே குடும்பம். வைரஸ் உடம்பின் காவலைக் கலைத்துவிடும். அதன்பிறகு புழுவும் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்ளும்.

தமிழில் நாம் கடல்நாய் என்கிறோம். ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் அவரவர் பாஷையில் அப்படியேதான் சொல்கிறார்கள். பெயர்ப் பொருத்தம் இப்படியா வந்து விடியவேண்டும்?

அதே செப்டம்பரில் ஹாம்பர்க் கோர்ட்டும் வாயைத் திறந்தது. தள்ளுபடி. கடல்நாய் என்பது சட்டப்படி ஒரு நபர் அல்ல, ஆகவே வழக்குப் போட முடியாது. முடிந்தது கதை.

பி.காம். படித்தபோது கம்பெனிச் சட்ட வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், கம்பெனி என்பது சட்டப்படி ஒரு நபர் என்று. கையில்லை, காலில்லை, மூச்சில்லை. ஆனாலும் வழக்குப் போடலாம், சொத்து வாங்கலாம். நம் நாட்டில் கோயில் சாமிகூடப் போடலாம். அமிலத்தைக் கடலில் கொட்டும் கம்பெனி ஒரு நபர். அந்தக் கடலில் மூச்சு விடும் பிராணி நபரில்லை. எனக்கு இன்றைக்கும் இது ஜீரணமாகவில்லை.

சரி, கொன்றது வைரஸ் என்றால் தொழிற்சாலைகள் நிரபராதிகளா? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஓஸ்டர்ஹாஸ் குழுவினர் 1990-களின் ஆரம்பத்தில் ஒரு சோதனை செய்தார்கள். சுத்தமான கடலில் பிடித்த இளம் கடல்நாய்கள் 22. இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு அட்லாண்டிக் ஹெர்ரிங் மீன், இன்னொரு கட்சிக்கு மாசு மிகுந்த பால்டிக் கடலின் ஹெர்ரிங். இரண்டு வருடத்துக்கும் மேல் இதே சாப்பாடு. பால்டிக் மீன் தின்ற கோஷ்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தெளிவாகக் குறைந்துபோனது. பி.சி.பி. முதலான ரசாயனங்கள் மீன் வழியாகக் கொழுப்பில் சேர்ந்து செய்த வேலை. கவனியுங்கள், அந்த மீன் ஒன்றும் குப்பையில் பொறுக்கியதல்ல. மனிதர்கள் சாப்பிட விற்பனைக்கு வந்த மீன்!

ஆக, கத்தியால் குத்தியவன் வைரஸ். கையைப் பிடித்துக்கொண்டவன் ரசாயனம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், 2002-ம் வருடக் கணக்கைப் பார்க்கும்வரை. அந்த மே மாதம் வைரஸ் திரும்பி வந்தது. அதே அன்ஹோல்ட் தீவு! நடுவே 14 வருடங்களில் கடலில் கழிவை எரிப்பது நின்றுவிட்டது. பி.சி.பி. அளவும் குறைந்திருந்தது. அப்படியும் இந்த முறை செத்தவை சுமார் 30,000. மாசு குறைந்தால் சாவும் குறைந்திருக்க வேண்டாமா? கடல்நாய்கள் அதற்குள் பல்கிப் பெருகியிருந்ததால் எண்ணிக்கை கூடியது என்பது ஒரு விளக்கம். ஆனால் மாசை மட்டுமே முக்கியக் கூட்டாளி என்று இனி அடித்துச் சொல்ல முடியாது.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வேறு இருக்கிறதே. அதற்கு வடக்கே போகவேண்டும். நார்வேக்கு மேலே, பேரன்ட்ஸ் கடல். அங்கே கேப்லின் என்ற சிறு மீன் 1980-களின் நடுவில் அடியோடு சரிந்தது. மனிதர்களும் அள்ளினார்கள், ஹெர்ரிங் மீன்களும் அதன் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. அதை நம்பியிருந்த ஹார்ப் சீல்கள் பசியோடு தெற்கே கிளம்பின. 1987-ல் நார்வே மீனவர்களின் வலைகளில் பல்லாயிரம் ஹார்ப் சீல்கள் சிக்கி மூழ்கிச் செத்தன. தப்பியவற்றில் சில வடகடல்வரை வந்தன. கிரீன்லாந்துப் பக்கத்து ஹார்ப் சீல்களிடம் 1988-க்கு முன்பே எடுத்துவைத்த ரத்தத்தைச் சோதித்தபோது, இதே வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அவற்றுக்குப் பழகிய நோய். பழகாத ஹார்பர் சீலுக்கு எமன். அகதிகளோடு வந்திருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்றுக்கொள்ளும் ஊகம்.

2004-ல் பூமிப்பந்தின் மறுபக்கத்தில், அலாஸ்காவின் கடல் நீர்நாய்களிடம் இந்த வைரஸ் தென்பட்டது. அட்லாண்டிக் சரக்கு பசிபிக்குக்கு எப்படிப் போனது? நடுவே ஆர்க்டிக் பனி மதிலாக நின்றதே? 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, 2002-ல் அந்த மதில் மிகவும் சுருங்கி வழி திறந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது.

2002-க்குப் பிறகு வடகடலில் இந்த வைரஸால் பெரும் சாவு எதுவும் வரவில்லை. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. இப்போது அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை அதற்கப்புறம் பிறந்தவை. வைரஸை நேரில் பார்க்காத தலைமுறை. அன்ஹோல்ட்டின் கிழக்கு முனையை மனிதர்கள் நுழையக்கூடாத சரணாலயமாக வைத்திருக்கிறார்கள். ஹார்பர் சீலும் சாம்பல் நிறக் கடல்நாயும் அங்கே அடுத்தடுத்துப் படுத்து வெயில் காய்கின்றன. சாம்பல்காரனுக்கு அந்த வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அவன் நீந்திப் போகும் தூரம்தான் மிக அதிகம்.