கோடைத் தீவனப்பயிரும் தழைச்சத்தும்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு மறுபரிசீலனை

மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது மரபு. அதன்பின் தஞ்சை வயல்களில் பெரும்பாலும் உளுந்தும் பயறுந்தான். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களே கறவை மாடுகளுக்கென ஒரு மூலையில் தீவனச் சோளமோ ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளமோ விதைக்கிறார்கள். இயந்திரம் கட்டித்தரும் வைக்கோல் லாரியேறி வெளியூர் போய்விடுகிறது. வீட்டில் மிஞ்சுவதிலும் புரதம் மிகக் குறைவு. ஆகவே பசுந்தீவனம் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு யூரியா இடும் முறை மட்டும் நெல்லிடமிருந்து இரவல் வாங்கியதாக இருக்கிறது. தீவனப்பயிரில் உரத்தின் அளவைப் போலவே, உரத்துக்கும் அறுப்புக்கும் இடையிலான நாட்களும் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும் என்பதே என் வாதம்.

நீர் தேங்கிய சேற்றில் காற்றில்லை. அங்கே யூரியாவின் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாகவே நிற்கிறது. நெல்லும் அதையே முதன்மையாக எடுக்கிறது. அதே வயலை வடித்து உழுதால் காற்று புகுந்து, நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. சோளம் தன் தேவைக்கு மேலும் நைட்ரேட்டை உறிஞ்சும்; புரதமாக மாற்ற முடியாத மிச்சம் தண்டின் அடிப்பகுதியில் தங்கும். மோட்டார் ஓடாமல் பயிர் வாடினால் இந்த மிச்சம் ஏறும். வாடிய பயிர்மேல் கோடை மழை பெய்தவுடன் சில நாட்கள் இன்னும் ஏறக்கூடும்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை நல்ல கருவி: வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் மேலுரம். தீவனப்பயிரில் அந்தக் கண் பழக்கம் ஏமாற்றும், ஏனெனில் அடித்தண்டில் தேங்கிய நைட்ரேட்டை இலையின் பச்சை காட்டாது. மாட்டின் முதல் இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாகி, இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. இரத்தம் சாக்லேட் நிறமாகும். இளஞ்சோளத்தின் சயனைடு நச்சு வேறு. அதில் தொடக்கத்தில் இரத்தம் பளீரென்று சிவந்திருக்கும். அறுத்து உலர்த்தினால் சயனைடு குறையும், நைட்ரேட் குறையாது. ஊறுகாய்ப் புல்லாக்கினால் நைட்ரேட்டும் ஓரளவு குறையும்.

அளவுக்கு வருவோம். இறவை மக்காச்சோளத் தீவனத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. தழைச்சத்தில் பாதி அடியுரம், மீதி 30-ஆம் நாள் மேலுரம். தஞ்சைக் கணக்கில் ஒரு மாவுக்கு மொத்தம் பதினேழரை கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை. மணிச்சத்தை டிஏபியாக இட்டால் அதிலேயே ஹெக்டேருக்கு ஏறத்தாழ 16 கிலோ தழைச்சத்து வந்துவிடும். அதைக் கழிப்பவர்கள் குறைவு. மாட்டுத்தொழுவின் எருவையும் பெரும்பாலோர் கழிப்பதில்லை. ஆனால் தொழுவுக்குப் பக்கத்து நிலமே எப்போதும் தீவனத்துக்கு ஒதுக்கப்படுகிறது!

எதிர்வாதம் உண்டு: தழைச்சத்தைக் குறைத்தால் விளைச்சலும் புரதமும் குறையும் என்பது. உண்மைதான். ஆனால் பயிர் வளரும் வேகத்துக்கு ஈடாகத் தண்ணீர் கிடைக்கும் வரைக்கும்தான் அது உண்மை. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் நைட்ரேட் நீரோடு கீழே இறங்கிவிடும். அங்கே மூன்று தவணையாகப் பிரிப்பதே சரி. பழைய டெல்டாவின் களிமண்ணுக்கு இரண்டு தவணை போதும். கோ (எஃப்எஸ்) 29 போன்ற பல அறுப்புச் சோளத்துக்கு ஒவ்வொரு அறுப்பும் முடிந்தவுடன், தண்ணீர் கட்டி, மேலுரம் இட வேண்டும். அடுத்த அறுப்புக்குச் சுமார் 50 நாட்கள் இருப்பதால் பயிர் அதைப் புரதமாக்கிக்கொள்ள அவகாசம் உண்டு.

பயிர் வெளுத்திருக்கிறதே என்று அறுப்புக்கு முந்தின வாரத்தில் யூரியா வீசுவதை டெல்டாவின் பால் உற்பத்தியாளர்கள் கைவிட வேண்டும். வாடிய பயிரை மழை பெய்த மறுநாளே அறுத்துப் போடவும் கூடாது. ஒரு வாரமாவது பொறுத்து, அடித்தண்டை ஒரு முழம் விட்டு அறுக்கலாம். வேளாண் விரிவாக்க அலுவலர்கள் தீவனப்பயிருக்கு எழுதித்தரும் உரப் பரிந்துரையில் அறுப்பு நாளையும் சேர்த்து எழுத வேண்டும்.